கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: மெஷினுக்கு முன்னால் மென்பொருள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் “எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?” என்றே தொடங்குகின்றன. கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, கட்டாயம் ஓடவேண்டிய புரோகிராம்கள், செருகவேண்டிய பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கையெழுத்துக்குப் பதிலாக யுஎஸ்பியில் செருகும் சிறு சாதனம்) எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் (விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ்) என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். மெஷின் அதற்குப் பிறகுதான். கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்த வரிசையில்தான் போகின்றன.

கே: 2017-இல் வாங்கிய அசெம்பிள்டு டெஸ்க்டாப். கோர் ஐ5-7400, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 ஏறாது என்று திரையில் வருகிறது. கடையில் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். இணையம், வங்கிக் கணக்கு, தமிழ் டைப்பிங், எப்போதாவது பிரிண்ட். இவ்வளவுதான் என் தேவை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

ப: வாங்க வேண்டாம் ஐயா. உங்கள் வேலைக்கு இந்த மெஷின் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும்.

திரையில் வரும் செய்தி உண்மைதான். விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பிராசஸர்கள் 8-ஆம் தலைமுறையில் தொடங்குகின்றன. ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7400 என்றால் 7-ஆம் தலைமுறை, 8100 என்றால் 8, ஐந்து இலக்கமாக 10100 என்று இருந்தால் 10. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து பெரும்பாலானவை பட்டியலில் உண்டு. சில குறுக்குவழிகளில் உங்கள் மெஷினிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றலாம்தான். ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட்டுகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் மெஷினில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

இங்கே மற்ற வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் பிராசஸர் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால், அதே செய்தி வந்தாலும் பதற வேண்டாம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு) அணைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை ஆன் செய்தால் போதும். செக்யூர் பூட் (நம்பகமான சிஸ்டத்தை மட்டுமே திறக்கவிடும் வசதி) கேட்டால்தான் கொஞ்சம் வேலை. ஹார்ட் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால், விண்டோஸுடனேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் முதலில் அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றவேண்டும். அதை மாற்றாமல் பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய முறை டிஸ்க்கிலிருந்து திறக்கவிடும் வசதி) அணைத்தால் விண்டோஸ் திறக்கவே திறக்காது. பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பயாஸில் கைவைக்கும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் கட்டணம் இல்லை. ஆனால் இது மூச்சுவிட நேரம் தருமே ஒழிய, நிரந்தரத் தீர்வு ஆகாது.

நிரந்தரத் தீர்வாக நாங்கள் சொல்வது இரண்டு வேலைகள். முதலில் 256 ஜிபி அளவில் ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். மெஷின் மந்தமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிராசஸர் அல்ல, சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். பழைய 1 டிபி டிஸ்க் உள்ளேயே இருக்கட்டும், போட்டோக்களுக்கு ஆகும். அடுத்து, எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 வரிசை ஆபரேட்டிங் சிஸ்டத்தை நிறுவுங்கள். இலவசம். இந்த வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. 8 ஜிபி ரேமுக்கு சினமன் பதிப்பு சரியாக இருக்கும். 4 ஜிபி மட்டுமே உள்ளவர்கள் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுக்கலாம்.

முதலில் உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸ் புரோகிராமால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம். பிறகு மெஷினை ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டுங்கள். கிகாபைட் போர்டில் எஃப்12, எம்எஸ்ஐயில் எஃப்11, ஏசஸில் எஃப்8. மின்ட் பென் டிரைவிலிருந்தே முழுதாக ஓடும். உடனே நிறுவிவிடாதீர்கள். அப்படியே ஒரு மணி நேரம் உட்கார்ந்து வைஃபை, ஒலி, பிரிண்டர், வங்கித் தளம் ஒவ்வொன்றையும் பாருங்கள். இங்கே ஓடினால் நிறுவிய பிறகும் ஓடும். நிறுவும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வைத்துவிட்டால், தவறான டிஸ்க்கை அழித்துவிடும் பயமே இல்லை. மெஷினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள், நிறுவி முடித்ததும் திரும்ப மாட்டுங்கள்.

பிரிண்டர்தான் சில வீடுகளில் தகராறு செய்யும். எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை லினக்ஸில் ஓடும். ஆனால் எச்பியின் கூடுதல் பிளகின்னை ஒருமுறை இறக்கவேண்டும், இல்லாவிட்டால் பிரிண்டர் பட்டியலில் தெரிந்தாலும் தாள் வராது. கேனன் எல்பிபி 2900 வைத்திருப்பவர்களுக்கு வேலை அதிகம். அதன் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் புரோகிராம்) லினக்ஸில் எளிதில் அமையாது. அந்த பிரிண்டரை விடமுடியாதென்றால் விண்டோஸிலேயே இருப்பது நல்லது.

தமிழ் டைப்பிங்குக்கு, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற டைப்பிங் புரோகிராம்கள் இரண்டையும் நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் ஆகி வாருங்கள். லாக் அவுட் ஆகாவிட்டால் பட்டியலில் தமிழ் தெரியாது. பிறகு தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்க்கலாம். பாமினி எழுத்துருவில் பழைய கடிதங்கள் இருந்தால் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை விண்டோஸிலிருந்து எடுத்து வந்து நிறுவினால் படிக்கலாம். ஆனால் தேடவோ மின்னஞ்சலில் அனுப்பவோ அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவதுதான் நல்லது.

விண்டோஸையும் மின்டையும் சேர்த்தே வைத்திருக்க விரும்புபவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்கவேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் நிற்க, அதன் டிரைவில் மின்டால் எதையும் எழுதமுடியாது. கடிகாரம் ஐந்தரை மணி நேரம் மாறிக் காட்டுவதும் இந்தக் கூட்டுக்குடித்தனத்தில்தான். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் நேரமாகவே எடுத்துக்கொள்ளும்படி மின்டில் ஒருமுறை அமைத்துவிட்டால் சரியாகிவிடும்.

இன்னொன்று: மெஷினுக்கு இத்தனை வயதாகிறது, மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோனால் தேதி பின்னால் போய்விடும். வங்கித் தளம் “பாதுகாப்பற்றது” என்று முரண்டு பிடிக்கும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் செய்தவர்கள் உண்டு.

கே: அரிசி மண்டி நடத்துகிறேன். டேலி பிரைம், ஜிஎஸ்டி தாக்கல். செலவைக் குறைக்க லினக்ஸுக்கு மாறலாமா?
– வியாபாரி, காங்கேயம்

ப: வேண்டாம். டேலி பிரைம் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. லினக்ஸில் வைன் (விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் புரோகிராம்) வழியாகத் திறக்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். தாக்கல் செய்யக் கடைசி நாள் மாலையில் அது நின்றுபோனால் யாரிடமும் கேட்கமுடியாது. விண்டோஸ் 11, 8-ஆம் தலைமுறைக்குப் பிந்திய ஐ3, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. டேலிக்கு இது தாராளம். தனி உரிமையாளர் நிறுவனமாக இருந்தால் ஜிஎஸ்டி தாக்கலை மொபைல் ஓடிபி வழியாகவே முடிக்கலாம். கம்பெனியாகவோ எல்எல்பியாகவோ இருந்தால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம். டோக்கன் இருந்தால், ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்பைத் தவிர்த்துவிடுங்கள். சாதாரணப் புரோகிராம்களை அந்த லேப்டாப் மொழிமாற்றி ஓட்டிவிடும். டிரைவர் அப்படி அல்ல, அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்கவேண்டும். பழைய பிரிண்டருக்கும் இதே கதி.

மெஷின் மாற்றும்போது பலர் தவறவிடும் ஒன்று: பழைய மெஷினில் டேலி லைசென்ஸை முதலில் சரண்டர் செய்யுங்கள். ஹெல்ப் மெனுவில் செட்டிங்ஸ், லைசென்ஸ் என்று போனால் அந்த வசதி இருக்கும். சரண்டர் செய்யாமல் ஃபார்மட் செய்துவிட்டால் புது மெஷினில் ஆக்டிவேட் ஆகாமல் நிற்கும். அதற்கும் முன்பே ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து, புது மெஷினில் ரெஸ்டோர் செய்து, இரண்டிலும் ட்ரையல் பேலன்ஸ் ஒன்றாக வருகிறதா என்று பார்த்த பிறகே பழையதைத் தொடுங்கள்.

கே: மகள் தமிழ்நாடு பாடத்திட்டத்தில் 11-ஆம் வகுப்பு. குரோம்புக் மலிவாகக் கிடைக்கிறது. போதுமா?
– வாசகி, மன்னார்குடி

ப: எந்தப் பாடம் என்பதைப் பொறுத்தது. கணினி அறிவியல் என்றால் 11-இல் சி++, 12-இல் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும். இவை விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் நன்றாக ஓடும். கணினிப் பயன்பாடுகள் என்றால் 12-இல் பேஜ்மேக்கர் இருக்கிறது, அதற்கு விண்டோஸ் வேண்டும். குரோம்புக் இணையத்துக்கும் வீடியோ பாடத்துக்கும் நல்ல சாதனம்தான், ஆனால் இந்த இரண்டு பாடங்களுக்கும் நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். அதே பணத்துக்கு எஸ்எஸ்டி போட்ட, 8-ஆம் தலைமுறை பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் கிடைத்தால் அதுவே மேல். குரோம்புக்தான் என்று முடிவானால், அந்த மாடலுக்கு அப்டேட் எந்த ஆண்டு வரை என்று செட்டிங்ஸில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடையில் புதிதாக இருப்பதும் பல ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த மாடலாக இருக்கலாம்.

கே: 2017 மேக்புக் ஏர் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. பார்க்கப் புதிதுபோல இருக்கிறது. எழுதவும் படம் பார்க்கவும் வாங்கலாமா?
– வாசகர், மதுரை

ப: வேண்டாம். அந்த மாடல் மேக்ஓஎஸ் 12 மான்டரேயோடு நின்றுவிட்டது, அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வருவதும் நின்றுவிட்டது. ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது, கூட்டமுடியாது. இன்டெல் மேக்குகள் எல்லாவற்றுக்கும் இதே முடிவுதான்: மேக்ஓஎஸ் 26 டாஹோதான் இன்டெல்லுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025-இல் அறிவித்துவிட்டது, அதுவும் சில மாடல்களுக்கு மட்டும்தான். பழையது வாங்குவதென்றால் 2020-இல் வந்த எம்1 ஏரிலிருந்து பாருங்கள்.

வாங்கும் இடத்தில் மெஷினை முழுதாக அழித்து, முதல் திரையிலிருந்து உங்கள் முன்னாலேயே தொடங்கச் சொல்லுங்கள். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கைக் கேட்டால் ஆக்டிவேஷன் லாக் இருக்கிறது என்று பொருள். அவர் எடுத்துவிடாதவரை அந்த மேக் யாருக்கும் உதவாது. சிஸ்டம் ரிப்போர்ட்டில் பவர் பகுதியில் பேட்டரியின் சைக்கிள் எண்ணிக்கை இருக்கும். 1000 என்பது ஆப்பிள் கணக்கிட்ட ஆயுள். 800-ஐத் தாண்டியிருந்தால் பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். மேக்கில் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் கூடவே வருவதால் தமிழ் எழுதக் கவலையில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் உள்ள வெளி டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. இரண்டு பக்கமும் பயன்படவேண்டிய டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள்.

கே: மகன் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறான். மேக்புக் கேட்கிறான்.
– தந்தை, ஈரோடு

ப: மெக்கானிக்கலில் பயன்படும் சாலிட்ஒர்க்ஸ் என்ற டிசைன் புரோகிராம் விண்டோஸில் மட்டும்தான். இப்போதைய மேக்குகளில் பூட் கேம்ப் (மேக்கில் விண்டோஸை நிறுவ உதவும் வசதி) கிடையாது, விண்டோஸைத் தனியாக நிறுவமுடியாது. எனவே இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. 8 ஜிபி போர்டிலேயே பற்றவைத்து, ஸ்லாட்டும் இல்லாத மாடலைத் தொடாதீர்கள். பெட்டியில் விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்று இருந்தால் கவலை வேண்டாம். மெனு மொழியை மாற்றுவதற்கு மட்டுமே அந்தத் தடை, தமிழ் 99 விசைப்பலகை சாதாரணமாகச் சேரும். பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருந்தால் எங்கள் பதில் வேறாக இருந்திருக்கும்.

கே: எங்கள் பகுதியில் அடிக்கடி கரண்ட் போகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. டெஸ்க்டாப்பா, ஆல்-இன்-ஒன்னா?
– வாசகி, தஞ்சாவூர்

ப: ஆல்-இன்-ஒன்னில் திரை போனால் மொத்தமும் போய்விடும், அதனால் தனி மானிட்டருடன் சிறிய மினி பிசியையே நாங்கள் விரும்புகிறோம். சாதாரண வேலையில் இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 60 வாட்டுக்குள் முடிந்துவிடும்.

இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது யுபிஎஸ் பக்கம் இருக்கவேண்டும். கரண்ட் போனபின் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை சுமார் 16 மில்லிசெகண்ட்தான் தாக்குப்பிடிக்கும். நார்மலில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் அந்த நேரம் கடந்துவிடுவதால்தான் ஃபேன் நிற்காமல் ஓடும்போதும் கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. யுபிஎஸ்ஸில் வைத்தும் அணைந்தால் 600 விஏ தனி யுபிஎஸ் ஒன்று போடுங்கள். சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும். லேசர் பிரிண்டரை மட்டும் அந்த யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். உள்ளே உருளை சூடாகும் நொடியில் அது பல நூறு வாட் இழுக்கும், யுபிஎஸ் ஓவர்லோடாகி கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைத்துவிடும். பிரிண்டருக்கு நேராகச் சுவர் பிளக்.