டிராப்பரைத் துணியில் வைக்காதீர்கள்

கேள்வி: செங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஒரு முகூர்த்தம் நம்மூரில் என்றால் அடுத்தது கேரளத்தில் ஆரியங்காவு, புனலூர் பக்கம். எல்லாம் ரா ஃபைல்தான் (கேமரா பதிந்தபடியே இருக்கும், பதப்படுத்தாத படம்), ஒரு கல்யாணத்துக்கு 1,500 படம் வந்துவிடும். லைட்ரூம் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஒரு படத்தின் நிறத்தைச் சரிசெய்து, அதே திருத்தத்தை மற்றதற்கெல்லாம் ஒட்டினால் கேரளக் கல்யாணம் நீலமடிக்கிறது, நம்மூர்க் கல்யாணம் மஞ்சளடிக்கிறது. சிஸ்டமும் இழுக்கிறது. மாதாமாதம் காசு கட்டி இந்த அவஸ்தை தேவையா, வேறு சாஃப்ட்வேருக்கு மாறட்டுமா அண்ணே?

பதில்: சாஃப்ட்வேர் மேல் தப்பில்லை தம்பி. ஒயிட் பேலன்ஸ் டிராப்பரை, அதாவது 'இந்த இடத்தில் நிறச்சாயல் இல்லை' என்று சாஃப்ட்வேருக்குக் காட்டுகிற கருவியை, எங்கே வைத்துக் கிளிக் செய்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் துணியில்தான் என்று தோன்றுகிறது. கேரளப் பெண்கள் உடுத்தும் செட்டு முண்டு வெள்ளை கிடையாது, வெளுக்காத பருத்தியின் சந்தன நிறம். அதை வெள்ளை என்று காட்டினால் சாஃப்ட்வேர் அதிலுள்ள மஞ்சளைக் கழிக்கிறேன் என்று படம் முழுக்க நீலத்தை ஏற்றிவிடும். நம்மூர் மாப்பிள்ளை வேட்டியோ நீலம் போட்டு வெளுத்தது, அங்கே அப்படியே தலைகீழ்.

நிறச்சாயல் எதுவும் இல்லாத சாம்பல் அட்டை, அதாவது ஒரு சாம்பல் கார்டு வாங்குங்கள். மண்டப வாசல், மணவறை, பந்தி என்று வெளிச்சம் மாறுகிற இடத்திலெல்லாம் யார் கையிலாவது அதைக் கொடுத்து ஒரு படம், வீடியோக்காரர் லைட்டைப் போட்டதும் இன்னொன்று. அப்புறம் வெளிச்சவாரியாகப் படங்களைப் பிரித்து, கார்டில் கிளிக் செய்து, அந்தந்தக் கூட்டத்துக்கு மட்டும் ஒட்டுங்கள். ஒட்டும்போது கிராப் (படத்தின் ஓரத்தை வெட்டுவது) டிக்கை எடுத்துவிட வேண்டும். நான் ஒருமுறை அதை மறந்து, அந்தக் கல்யாணத்தில் பாதி நாதஸ்வரக்காரர்களுக்குத் தலையே இல்லாமல் போனது. வெளிச்ச ஏற்ற இறக்கத்துக்கு 'மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ்' இருக்கிறது, அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ கணக்குப் பார்த்துச் சமன் செய்யும். ஃப்ளாஷ் அடித்த படத்தில் அதை நம்ப வேண்டாம்.

சிஸ்டம் இழுக்கிறதா? படங்களை இம்போர்ட் செய்யும்போதே ஸ்மார்ட் பிரிவியூ என்ற சின்ன நகல் போட்டு, அதை வைத்தே எடிட் செய்யும்படி பிரிஃபரன்ஸில் டிக் வையுங்கள். நீளப் பக்கம் 2,540 பிக்சல்தான் என்பதால் பழைய சிஸ்டமும் தாங்கும்.

காசு உறுத்தினால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். ராதெரபியில் மொத்தத்தையும் க்யூவில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஆனால் லைட்ரூமில் செய்த திருத்தமெல்லாம் அங்கே அப்படியே வராது, கை பழக நாளாகும். சீசன் நடுவில் மாறாமல் ஆடி வரை பொறுங்கள், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அப்போது கர்க்கடக மாதம், இரண்டு பக்கமும் கல்யாணம் இருக்காது.