அப்பா ஊரில், நான் வெளிநாட்டில். அவருடைய இறுதிச் சடங்குக்கு முன்கூட்டியே என்னென்ன ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்?

இப்போதே பேசினால் அபசகுனம் ஆகாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனாலும் 2023 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் பேசிவிட்டேன். அந்த ஏப்ரலிலேயே அவர் போய்விட்டார். நான் மெல்பர்னில் இருக்கும் ஒரே மகள். ஊர், மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்.

முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நீங்கள் வரும்வரை உடலை வைத்திருப்பதா, வேண்டாமா? இதை அப்பா தன் வாயால் சொல்ல வேண்டும். ஊரில் இருந்து காரியம் பார்க்கப்போகிறவரும் அதைக் கேட்க வேண்டும். சித்தப்பா மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் நான் கேட்டேன். "என்னைப் பொட்டியில வச்சு ரெண்டு நாள் காக்க வைக்காதீங்க. நீ இருந்தா நீ கொள்ளி வை. இல்லைன்னா தம்பி வைக்கட்டும்" என்றார்.

போன் வந்தபோது மெல்பர்னில் காலை 6 மணி, ஊரில் இரவு ஒன்றரை. சிங்கப்பூர் வழியாகத் திருச்சியில் இறங்கி வீட்டு வாசலை மிதிக்க 34 மணி நேரம் ஆனது. அதற்குள் வீட்டில் பேச்சு வந்துவிட்டது. மகள் முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று சிலர். விடிந்தால் சனிக்கிழமை, சனிப்பிணம் துணை தேடும், இன்றே எடுத்துவிட வேண்டும் என்று சிலர். அப்பா சொன்னதைத் தம்பி எடுத்துச் சொன்னதும் எல்லாரும் அடங்கிவிட்டார்கள். அன்று சாயங்காலமே எடுத்தார்கள். வாய்க்கரிசி போடுவதை விமான நிலையத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். அந்த வலி இன்னும் இருக்கிறது. ஆனால் அப்பா கேட்டபடி நடந்தது.

நேரத்துக்குப் போக முடியாவிட்டாலும் உங்கள் கையால் செய்ய நிறைய மிச்சம் இருக்கும். மறுநாள் வைக்க வேண்டிய பால்தெளியை எனக்காக ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. கொள்ளியே வைக்கச் சொன்ன அப்பா இதற்கா வேண்டாம் என்பார் என்று தம்பி கேட்டான், யாரும் மறுக்கவில்லை. நானே பால் தெளித்து எலும்பு பொறுக்கினேன். ஏப்ரலில் காவிரியில் வெறும் மணல்தான், மேட்டூர் திறந்து தண்ணீர் வர ஜூன் தாண்டிவிடும். அதனால் மயிலாடுதுறையில் காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்தை விட்டுவிட்டு, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி பூம்புகார் கடலில் கரைத்தோம். மின் மயானமோ எரிவாயு தகன மேடையோ என்றால் அஸ்தி பெரும்பாலும் அன்றைக்கே கைக்கு வந்துவிடும். வாங்கி எங்கே வைப்பது என்று முன்பே கேட்டு வையுங்கள், பல வீடுகளில் உள்ளே கொண்டுவர மாட்டார்கள்.

அம்மா இருக்கிறார்கள் என்றால் அவர்களிடமும் கேளுங்கள். இதை யாரும் நினைப்பதே இல்லை. பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டிப் பூவும் பொட்டும் வைத்துத் தாலி கழற்றும் சடங்கு அம்மாவுக்கு வேண்டுமா, வேண்டாமா? அந்த நேரத்தில் அவர்களால் வாய் திறக்க முடியாது, சுற்றி இருப்பவர்கள் நடத்திவிடுவார்கள். என் அம்மா வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பெரியத்தையிடம் போய் அதை நான் சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், அப்புறம் சரி என்றுவிட்டார்கள். அம்மா இன்றைக்கும் பொட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

கண் தானம் செய்ய அப்பாவுக்கு விருப்பமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், நீங்கள் வந்து முடிவு செய்ய நேரம் இருக்காது.

அப்புறம் காகிதங்கள். வீட்டில் இறந்தால் மருத்துவர் ஒருவர் வந்து பார்த்து எழுதித்தர வேண்டும். நடு இரவில் கூப்பிட்டால் வருவாரா என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ). எங்களுக்குச் சான்றிதழில் இனிஷியல் ஆதாரில் உள்ளபடி இல்லாமல் போனது. அதைத் திருத்தி வங்கி வேலையை முடிக்க ஐந்து மாதம் ஆனது. எழுதும்போதே ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் குடும்பத்தில் எல்லாருக்கும் ஓசிஐ, அதாவது விசா எடுக்காமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டை, இருக்கிறதா பாருங்கள். என்னிடம் இருந்தது, மகளுக்கு எடுக்காமல் விட்டிருந்தேன். தூதரகத்தில் அவசர விசா வாங்கி அவள் பதினாறாம் நாளுக்குத்தான் வந்து சேர்ந்தாள்.

பணத்தைத் தம்பியின் கணக்கில் முன்பே போட்டு வைத்திருந்தேன். ஃப்ரீசர் பெட்டி, பந்தல், நாற்காலி, வண்டி, சங்கு ஊதுபவர் என எல்லாருக்கும் அன்றைக்கே ரொக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் தம்பியைக் கடன் கேட்க விடக் கூடாது.

இதையெல்லாம் போனில் கேட்காதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தாவுக்கு எப்படிச் செய்தீர்கள் என்று ஆரம்பியுங்கள். என் அப்பா அங்கிருந்துதான் பேசத் தொடங்கினார்.