ஃபாஸ்ட்ரிப்போர்ட் ஸ்கிரிப்டும் நம் சொந்தக் காம்பொனென்ட்டும்: கேள்வி-பதில்

டெல்ஃபி நிரல்களில் அறிக்கை வடிவமைத்து அச்சிட உதவும் ஃபாஸ்ட்ரிப்போர்ட்டுக்காக, கிடங்கு இருப்பைப் பட்டையாக வரையும் காம்பொனென்ட் ஒன்றை டெல்ஃபியில் எழுதினேன். டிசைனரில் தெரிகிறது, அச்சும் ஆகிறது. ரிப்போர்ட் ஸ்கிரிப்டுக்கு மட்டும் அதன் பண்புகள் தெரியவில்லை. ஏன்?

டிசைனரின் கருவிப்பட்டையில் சேர்ப்பது வேறு, ஸ்கிரிப்டுக்கு அறிமுகம் செய்வது வேறு. ஸ்கிரிப்டை இயக்குவது ஃபாஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற தனி எஞ்சின். அதற்காக ஆர்டிடிஐ மாட்யூலிலிருந்து (ஸ்கிரிப்டுக்குக் கிளாஸ்களை அறிமுகம் செய்யும் அடிப்படைக் கிளாஸ்) ஒரு கிளாஸை வருவித்து, அதன் கன்ஸ்ட்ரக்டரில் ஆட்கிளாஸை அழைத்து உங்கள் கிளாஸையும் அதன் தாய் கிளாஸின் பெயரையும் தர வேண்டும். பிறகு யூனிட்டின் இனிஷியலைசேஷன் பகுதியில் அந்த மாட்யூலைப் பட்டியலில் சேருங்கள். அந்த யூனிட் உங்கள் புரோகிராமின் யூசஸ் வரியில் இல்லையென்றால் இனிஷியலைசேஷன் ஓடவே ஓடாது. முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இவ்வளவு செய்தாலே, கிளாஸின் பப்ளிஷ்ட் பகுதியில் அறிவித்த பண்புகள் அனைத்தும் ஸ்கிரிப்டுக்குத் தாமாக வந்துவிடும். பப்ளிக் பகுதியில் உள்ள பண்புகளையும் மெத்தட்களையும் மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

பப்ளிக் பண்பு ஒன்றை ஆட்ப்ராப்பர்ட்டி மூலம் சேர்த்தேன். பிழை எதுவும் வரவில்லை. மதிப்பு மட்டும் எப்போதும் காலியாகவே வருகிறது.

ஸ்கிரிப்ட் கேட்கும்போது பண்பின் மதிப்பைத் தரும் உங்கள் கெட்ப்ராப் ஃபங்ஷனில் பண்பின் பெயரை எப்படி ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். எஞ்சின் அந்தப் பெயரை முழுவதும் பெரிய எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புகிறது. அறிவித்தபோது எழுதியதுபோல முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வைத்து ஒப்பிட்டால், எந்த நிபந்தனையும் பொருந்தாமல் ஃபங்ஷன் சத்தமில்லாமல் முடிந்துவிடும். பாஸ்கலில் பெயர்களுக்கு எழுத்து வேறுபாடு கிடையாது என்ற பழக்கம் இங்கே ஏமாற்றும். நீங்கள் ஒப்பிடுவது சரங்களை. மெத்தட் பெயர்களுக்கும் இதே விதிதான். எந்த நிபந்தனையும் பொருந்தாதபோது எக்ஸெப்ஷன் எழுப்பும் ஒரு வரியைக் கடைசியில் சேருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

ஆன்பிஃபோர்பிரிண்ட் நிகழ்வில் பட்டையின் அளவை மாற்றுகிறேன். அச்சில் பழைய அளவே வருகிறது. நிறத்தை மாற்றினால் அடுத்த வரிசைகளுக்கும் அதே நிறம் ஒட்டிக்கொள்கிறது.

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஆன்பிஃபோர்பிரிண்ட் ஓடும்போது காம்பொனென்ட் இன்னும் தரவைப் பெறவில்லை. அதற்குப் பிறகுதான் கெட்டேட்டா மெத்தட் ஓடுகிறது. அது டேட்டாஃபீல்டில் (காம்பொனென்ட்டோடு இணைத்த தரவுப் புலம்) இருப்பதை எடுத்து, ஸ்கிரிப்ட் வைத்த மதிப்பின் மேலேயே எழுதிவிடும். அளவை ஆன்ஆஃப்டர்டேட்டா நிகழ்வில் மாற்றுங்கள்.

நிறம் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், எல்லா வரிசைகளுக்கும் ஒரே ஆப்ஜெக்ட்டே பயன்படுவது. ஃபாஸ்ட்ரிப்போர்ட்டின் உரைப்பெட்டியான மெமோ தன் உரையை அச்சுக்கு முன் எடுத்து வைத்து, அச்சானதும் திருப்பி வைக்கிறது. உங்கள் காம்பொனென்ட்டின் பண்புகளுக்கு அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும். பிஃபோர்பிரிண்ட் மெத்தடை ஓவர்ரைடு செய்து இன்ஹெரிட்டடை அழைத்து, மதிப்பை ஒரு தனி மாறியில் சேமியுங்கள், ஆஃப்டர்பிரிண்டில் மீட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல், ‘இல்லையென்றால் பழைய நிறம்’ என்று ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் எழுதச் சொல்வது நியாயம் இல்லை. ரிப்போர்ட் வடிவமைப்பவர் பெரும்பாலும் கணக்குப் பிரிவில் இருப்பவர். நம் காம்பொனென்ட்டின் உள்விவகாரம் அவருக்கு எதற்கு?

எல்லாவற்றையும் பப்ளிஷ்டாகவே வைத்துவிட்டால் வேலை மிச்சம் அல்லவா?

எழுதும் வேலை மிச்சம்தான். ஆனால் பப்ளிஷ்ட் பண்பு ரிப்போர்ட் கோப்பிலும் சேமிக்கப்படும். நாளைக்கு அதன் பெயரை மாற்றினால், வாடிக்கையாளரிடம் இருக்கும் பழைய கோப்புகள் திறக்கும்போது தகராறு செய்யும். கணக்கிட்டு வரும் மதிப்புகளைப் பப்ளிக்காக வைத்து, செட்டர் தராமல் படிக்க மட்டும் திறந்துவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. முன்னோட்டப் பக்கம் ஆப்ஜெக்ட்டைச் சேமித்த பண்புகளிலிருந்தே மறுபடி உருவாக்குகிறது. படம் வரைவதற்குத் தேவையான மதிப்பு பப்ளிக்கில் மட்டும் இருந்தால், ஸ்கிரிப்ட் அதை மாற்றியும் பயன் இல்லை. வரையும் மெத்தட் எந்தெந்த மதிப்புகளைத் தொடுகிறதோ அவையெல்லாம் பப்ளிஷ்டாக இருக்கட்டும்.

பட்டையின் திசைக்கு ஒரு எனம் வகை (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) வைத்திருக்கிறேன். ஸ்கிரிப்டில் அதன் மதிப்புப் பெயர்கள் செல்லவில்லை.

ஆட்எனம் மூலம் வகையின் பெயரையும் மதிப்புகளையும் காற்புள்ளியிட்டுத் தாருங்கள். டெல்ஃபியில் உள்ள அதே வரிசையில் இருக்க வேண்டும்.

32 பிட்டில் ஒழுங்காக ஓடியது, 64 பிட்டில் சில நேரம் மட்டும் அக்சஸ் வயலேஷன் (தவறான நினைவக முகவரியைத் தொடும் பிழை) வருகிறது. ஸ்கிரிப்டுக்கு ஓர் ஆப்ஜெக்ட்டைத் திருப்பித் தருகிறேன்.

ஆப்ஜெக்ட்டின் முகவரியை இன்டிஜராக மாற்றி, எந்த வகை மதிப்பையும் ஏற்கும் வேரியன்ட்டில் போட்டிருப்பீர்கள். எக்ஸ்இ2 பதிப்பில், 2011இல், டெல்ஃபிக்கு 64 பிட் விண்டோஸ் கம்பைலர் வந்தபோதும் இன்டிஜர் 32 பிட்டாகவே நின்றது. முகவரியின் மேல் பாதி வெட்டப்படுகிறது. முகவரி 2 ஜிபிக்குள் கிடைக்கும்வரை இந்தக் கோளாறு வெளியே தெரியாது. போகும் வழியிலும் வரும் வழியிலும், முகவரியின் அளவுக்கே இருக்கும் நேட்டிவ்இன்ட் வகையைப் போடுங்கள். கெட்ப்ராப், செட்ப்ராப், கால்மெத்தட் மூன்றிலும் தேடிப் பாருங்கள்; ஓரிடத்தில் விட்டாலும் அதே பிழைதான் வரும்.