அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களுக்கு எதற்கு உணவு வங்கி? எப்படி நடத்துவது?

வசதியான நாட்டில் கல்லூரி மாணவர் பசியோடு இருப்பாரா என்று கேட்கிறீர்கள். இருக்கிறார். அரசின் உணவு உதவித் திட்டமான 'ஸ்னாப்', சில விலக்குகள் தவிர, வாரம் 20 மணி நேரமாவது வேலை பார்க்கும் மாணவருக்குத்தான் கிடைக்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போன நம் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1993-லேயே மாணவர்கள் தங்களுக்கென்று, உணவுப் பொருள்களை இலவசமாகக் கொடுக்கும் உணவு வங்கி தொடங்கிவிட்டார்கள்.

சாமான் சேர்ப்பதைவிடக் கடினம், வருகிறவரின் கூச்சத்தைப் போக்குவது. கட்டி வைத்த பையை நீட்டாதீர்கள். கடை மாதிரி அலமாரியில் அடுக்கி, வேண்டியதை அவர்களே எடுக்க விடுங்கள். மாணவர் அட்டை போதும். வருமானச் சான்று கேட்கவே கூடாது. டப்பா உணவை மட்டும் குவிக்காமல் அரிசி, பருப்பு, எண்ணெய் வையுங்கள். விடுதி அறையில் அடுப்பில்லாதவர்களுக்கு மைக்ரோவேவில் சூடாக்கும் உணவும் வேண்டும். பகலில் வகுப்பும் வேலையுமாக ஓடுகிறவர்களுக்காக மாலையிலும் திறந்திருக்கட்டும்.