வாட்ஸ்அப் வதந்தி: பெரியவர்களுக்கு வகுப்பு எடுப்பவர்கள் கேட்டவை

கேள்வி (நூலகர்): வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியைக் கண்டுபிடிக்க, எங்கள் கிளை நூலகத்தில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தலாம் என்றிருக்கிறோம். ஒரு மணி நேரம் போதுமா?

பதில்: போதாது. 2019 தேர்தல் சமயத்தில் பீகாரின் கயாவில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். வீடு தேடிப் போய் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தும், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் திறன் மொத்தத்தில் கூடவில்லை. பிறகு அதே மாநிலத்தில் மாணவர்களுக்குப் பல வாரங்கள் விட்டுவிட்டு வகுப்பு நடத்தியபோது நல்ல பலன் கிடைத்தது. அவர்கள் கற்றது வீட்டில் பெற்றோர் வரை போய்ச் சேர்ந்தது. நீங்களும் வாரம் அரை மணி என்று ஆறேழு வாரம் நடத்துங்கள். முடிந்தால் பேரப்பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லுங்கள்.

கேள்வி (மகளிர் குழுத் தலைவி): எந்தச் செய்தியை வைத்துத் தொடங்குவது?

பதில்: அரசியல் வேண்டாம். கட்சிப் பெயர் வந்தாலே பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள். நான் பிள்ளை பிடிப்பவர்கள் வீடியோவில்தான் தொடங்குவேன். பைக்கில் வரும் இருவர் தெருவில் நிற்கும் சிறுவனைத் தூக்கிப் போவார்கள். உண்மையில் அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் சிறுவனைத் திரும்ப விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் வாசக அட்டையைக் காட்டுவார்கள். அந்த முடிவை வெட்டிவிட்டு இந்தியா முழுக்கப் பரப்பினார்கள். 2018 மே மாதம், இப்படிப்பட்ட வதந்திகளின் நடுவே, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள். வகுப்பில் முதலில் வெட்டிய வீடியோவைக் காட்டுங்கள், அப்புறம் முழுதையும். நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையே இருக்காது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): செல்போன் அவ்வளவாகப் பழகாதவர்களுக்கு என்ன சொல்லித்தருவது?

பதில்: இரண்டு போதும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது, அனுப்பியவர் எழுதியதல்ல. அடுத்தது, செய்தியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் வெளியே போய்த் தேடுவது. செய்தி உண்மையா என்று சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களையும் வரலாற்று அறிஞர்களையும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, எந்த இணையப் பக்கத்தை நம்பலாம் என்பதைச் சரிபார்ப்பவர்கள்தான் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். சந்தேகம் வந்ததும் அந்தப் பக்கத்தை விட்டு விலகி, அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். தட்டச்சு வராவிட்டால் கூகுளில் குரலிலேயே கேட்கலாம். படத்துக்கு, படத்தையே கொடுத்துத் தேடும் கூகுள் லென்ஸ்.

கேள்வி: குடும்பக் குழுவில் மாமனார் அனுப்புவதைத் திருத்தினால் கோபித்துக்கொள்கிறார்.

பதில்: பத்துப் பேர் முன்னால் திருத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? தனியாக அழைத்து, "மாமா, இது உங்களுக்கு யார் அனுப்பினாங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): இப்படியே போனால் எதையுமே நம்பாமல் போய்விட மாட்டார்களா?

பதில்: நியாயமான பயம். எல்லாம் பொய் என்பவரும் ஏமாறுகிறவர்தான். அதனால் பயிற்சிக்குக் கொடுக்கும் செய்திகளில் சரிபாதி உண்மையாக இருக்கட்டும். மழை விடுமுறை பற்றிய ஆட்சியர் அறிவிப்பு ஒன்று, அதன் போலி ஒன்று என்று சேர்த்துக் கொடுங்கள். உண்மையானதை உண்மை என்று சொன்னவருக்கும் மதிப்பெண் உண்டு.