மழைமூட்டத்தில் பைஃபேஷியல் பேனல் எவ்வளவு தரும்?

கேள்வி: சென்னையில் எங்கள் மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போடப் போகிறோம். இருபுறமும் வெளிச்சம் வாங்கும் பைஃபேஷியல் பேனல் போட்டால், ஐப்பசி கார்த்திகை மழையிலும் 30 சதவீதம் கூடுதலாக வரும் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: வீட்டு மாடிக்கு அந்த 30-ஐ மறந்துவிடுங்கள். சாதாரண சிமென்ட் தளத்தில் 5 முதல் 10 சதவீதம் கிடைக்கும். தளத்துக்கு வெள்ளை அடித்து, பேனலையும் உயர்த்தி நிறுத்தினால் 15 வரை போகலாம்.

மூட்டமான நாளில் வெளிச்சம் வானம் முழுவதிலுமிருந்து பரவி வருவதால், பேனலுக்கு அடியில் கறுப்பாக நிழல் விழாது. அதனால் பின்புறத்தின் பங்கு சற்றுக் கூடுவது உண்மைதான். ஆனால் எதில் அந்தச் சதவீதம் என்று பாருங்கள். 540 வாட் பேனல் 6 போட்டால் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 13 யூனிட் வரும். அடர்ந்த மேகத்தில் 3 யூனிட் வந்தாலே அதிகம். அந்த மூன்றில் 12 சதவீதம் என்பது 0.36 யூனிட். மின்சாரம் குறைவாக இழுக்கும் 28 வாட் பிஎல்டிசி ஃபேன் ஒன்று 12 மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். பைஃபேஷியலின் லாபம் சித்திரை வெயிலில்தான் சேரும்.

மழையில் இன்னொரு சிக்கல், தளம். நனைந்த சிமென்ட் கருத்துப்போகும். காய்ந்திருக்கும்போது திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் அனுப்பும். வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட்டோ வெள்ளை டைல்ஸோ நனைந்தாலும் அவ்வளவாக மங்காது. பாசி பிடித்தால் அதுவும் வீண். ஐப்பசிக்கு முன் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். பேனலின் நிழலைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது வெள்ளை இருக்கட்டும்.

பேனலின் தாழ்ந்த விளிம்பு தளத்திலிருந்து ஒரு மீட்டராவது உயர்ந்திருக்கட்டும்; காற்றைத் தாங்க ஸ்டாண்டின் காலை அதற்கேற்பப் பலப்படுத்தச் சொல்லுங்கள். தகரக் கூரையோடு ஒட்டிப் போட்டால் பின்கண்ணாடிக்குக் கொடுத்த காசு போச்சு. பேனலைத் தாங்கும் ரெயில் பின்புறச் செல்களை மறைத்துக் குறுக்கே ஓடினாலும் இழப்புதான்.

வாங்கும்போது தகவல் தாளில் 'பைஃபேஷியாலிட்டி' எண்ணைப் பாருங்கள். பெர்க் (PERC) வகைச் செல் உள்ள பேனலில் 70 சதவீதம் அளவில், டாப்கான் (TOPCon) வகையில் 80 அளவில் இருக்கும். முன்புறம் தரும் வாட்டில் பின்புறம் எவ்வளவு தர முடியும் என்பது அது. அதையே கூடுதல் விளைச்சல் என்று யாராவது சொன்னால் தவறு.

மங்கிய வெளிச்சத்தில் கரன்ட் ஒரேயடியாக விழும், வோல்டேஜ் கொஞ்சமே குறையும். ஆகவே 6 பேனலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் (ஸ்ட்ரிங்) இணைத்தால் சுமார் 240 வோல்ட் இருந்து, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் காலையில் சீக்கிரமே எழும். மூன்று மூன்றாகப் பிரித்தால் வோல்டேஜ் பாதியாகிவிடும்; வேலையைத் தொடங்கவே 120 வோல்ட் (ஸ்டார்ட்-அப் வோல்டேஜ்) கேட்கும் இன்வெர்ட்டர் விடிந்தும் தூங்கும். உச்சிவெயிலில் இதற்கு நேர்மாறான கவலை: 13 ஆம்பியர் பேனல் பின்புற வெளிச்சத்தோடு 14-ஐத் தாண்டும். இன்வெர்ட்டர் உள்ளீடு 12.5 ஆம்பியர் என்றால் அதற்கு மேல் வருவது அப்படியே வீண். 15 அல்லது 16 ஆம்பியர் தாங்குவதைக் கேளுங்கள்.

பொருத்திய பிறகு சோதிப்பது எளிது. மூட்டம் நிலையாக இருக்கும் நேரத்தில் பேனல்களுக்கு அடியில் கறுப்புத் தார்ப்பாயை விரித்து, இன்வெர்ட்டரின் மொபைல் ஆப்பில் வாட்டைக் குறியுங்கள். எடுத்துவிட்டு மறுபடி குறியுங்கள். மேகம் நகர்வதால் நாலைந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.