கிரியோன் மனம் மாறியும் ஏன் எல்லாம் அழிகிறது?

வணக்கம். சோஃபக்ளிஸின் கிரேக்க நாடகமான 'ஆன்டிகனி'யில், பாலினைசீஸின் உடலை அடக்கம் செய்யக் கூடாது என்று தடை போட்டு, அதை மீறிய அவன் சகோதரி ஆன்டிகனியைக் குகையில் அடைத்த மன்னன் கிரியோன் கடைசியில் இறங்கி வந்துவிடுகிறானே, அப்புறமும் மூன்று பேர் சாவது வெறும் விதிதானே என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவன் இறங்கி வரும் இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள். பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போனதும் கோரஸ் (ஊர்ப் பெரியவர்களின் குழு) சொல்வது இது: குகையிலிருந்து பெண்ணை விடுவி, கிடக்கும் பிணத்துக்குக் கல்லறை எழுப்பு. அவன் செய்வதோ தலைகீழ். பாலினைசீஸின் உடலைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிய பிறகே குகைக்குப் போகிறான். அதற்குள் ஆன்டிகனி தூக்கிட்டுக்கொண்டுவிட்டாள். நகரத்தின் ஒழுங்குதான் எப்போதும் அவனை இயக்குகிறது. திருந்தும்போதும் பொதுக் குற்றத்தைத்தான் முதலில் சரிசெய்கிறான், உயிரோடிருக்கும் பெண் இரண்டாவதுதான். என்னை உலுக்கும் இடம் இது.

ஆன்டிகனியும் அப்படித்தான். இறந்த அண்ணனுக்கான கடமைக்காகச் சாகத் தயார் என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறாள். அவள் காத்திருக்காததில் வியப்பில்லை. கிரியோனின் மகனும் ஆன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவனுமான ஹேமனுக்குக் காதலும் கோபமும் சேர்ந்து, அப்பா மேல் ஓங்கிய வாள் தவற, தன்னையே குத்திக்கொள்கிறான். அவன் தாய் யூரிடிசியும் தன்னை மாய்த்துக்கொண்டு மகனுக்குப் பின்னால் போகிறாள்.

உங்கள் கட்டுரையை அந்த வரிசை மாற்றத்திலிருந்தே தொடங்குங்கள்.